காலரா நஞ்சு காட்டிக்கொடுத்த புரதம்

2022 ஜூலை முதல் வாரத்தில் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலருக்குக் காலரா என்பது உறுதியாகியிருந்தது. புதுச்சேரியில் இருக்கும் நமக்குக் காரைக்கால் தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்தான்; ஆனால் ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே மாதிரியான குழாய்கள். புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய தெரு ஒன்றில் சற்றுக் குனிந்து பாருங்கள். சாக்கடை வாய்க்காலுக்குக் குறுக்கே, சில இடங்களில் அதற்குள்ளேயே, வீட்டுக்கான குடிநீர்க் குழாய் போகும். அதில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் போதும். அந்த நாள்களில் எல்லோரும் குழாயைப் பற்றித்தான் பேசினார்கள். சரியான பேச்சுதான். காலராவை ஒழிப்பது குழாயும் கழிப்பறையும்தான். மூலக்கூறு உயிரியல் அல்ல.

ஆனால் அந்த நோயின் நஞ்சைத் துருவிக்கொண்டிருந்தவர்களுக்குத் தற்செயலாக ஒரு புரதம் அகப்பட்டது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சரக்குப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற சின்னஞ்சிறு புரதம் அது. பெயர் ஆர்ஃப்-1. அதைப் பற்றி என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநூல்கள் இதை ‘மூலக்கூறு சுவிட்ச்’ என்று சொல்லி, அது எப்படி முடுக்கப்படுகிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. அது எப்போது, யாரால் அணைக்கப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வைப்ரியோ காலரே கழிமுகங்களின் உவர்நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. மனிதக் குடலுக்குள் வந்தாலும் அது செல்களைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு நஞ்சை மட்டும் விடுகிறது. பாக்டீரியாவை வடிகட்டி நீக்கிய வெறும் திரவமே முயலின் குடலில் நீரைப் பெருக வைக்கும் என்று 1959-இல் காட்டியவர் கொல்கத்தாவின் சம்புநாத் தே. அவருக்கு நோபல் பரிசு கிடைக்காமல் போன ஆதங்கம் இந்திய அறிவியலாளர்களிடம் இன்னும் இருக்கிறது.

அந்த நஞ்சின் செயல்படும் பகுதி, செல்லுக்குள் ஜி-எஸ் என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கிறது. குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு ஒட்டியிருக்கும்வரை ஜி-எஸ் விழித்திருக்கும். பிறகு அதன் மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்றைத் தானே வெட்டி, அதை டைபாஸ்பேட் ஆக்கிவிட்டு அடங்கிவிடும். (இந்த இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துகள்தான் வரும். ஆகவே முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே எழுதுகிறேன். முப்பாஸ்பேட்டை வெட்டும் இந்தக் குடும்பத்துப் புரதங்களுக்கு ஜிடிபியேஸ் என்பது பொதுப்பெயர்.) காலரா நஞ்சு ஜி-எஸ் புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலத்தின் மேல் ஒரு வேதித்தொகுதியைக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அதன்பின் ஜி-எஸ் முப்பாஸ்பேட்டை வெட்ட முடியாது. அதாவது அடங்க முடியாது. விழித்திருக்கும் ஜி-எஸ் உண்டாக்க வைக்கும் வளைய ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு செல்லில் ஏறிக்கொண்டே போகிறது, குளோரைடு வாயில்கள் திறந்தபடி நிற்கின்றன, உப்பு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீர். கடுமையான காலராவில் வயது வந்த ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீரிழக்கலாம். மலம் அரிசி களைந்த நீர் போல வெளிறிப் போகும். கண்கள் குழிவிழும். விரல் நுனிகள் நெடுநேரம் துணி துவைத்தவர் கைபோலச் சுருங்கிவிடும். இத்தனையும் ஒரே ஒரு புரதத்துக்கு நிறுத்திக்கொள்ளத் தெரியாமல் போனதன் விளைவு. சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வாயிலை இந்த நஞ்சு தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசல் உயிர் காப்பது அந்த வழியால்தான்.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் தூய நஞ்சையும் தூய ஜி-எஸ் புரதத்தையும் சோதனைக் குழாயில் கலந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இரண்டு மட்டும் இருந்தால் வேலை நடக்கவில்லை. செல்லிலிருந்து இன்னும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆல்பிரட் கில்மனும் ரிச்சர்டு கானும் 1984-இல் அந்த ‘ஏதோ ஒன்றை’ப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஆர்ஃப். எடை ஏறத்தாழ 21,000 டால்டன், புரதங்களில் பொடிசு. 1986-இல் அதுவும் முப்பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் என்று தெரிந்தது. ஆனால் ஒரு விசித்திரம்: தனியாக விட்டால் அது முப்பாஸ்பேட்டை வெட்டவே இல்லை. வெட்டுவோர் குடும்பத்தில் பிறந்து வெட்டத் தெரியாத பிள்ளை! இந்த விசித்திரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

காலரா நஞ்சுக்கு ஒத்தாசை செய்வதற்காக நம் செல்கள் ஒரு புரதத்தைச் செய்து வைத்திருக்கும் என்று யாரும் நம்பவில்லை. காலராவே வராத ஈஸ்ட்டிலும் இதே புரதம் இருந்தது. அப்படியானால் இதன் சொந்த வேலை என்ன? 1990-இல் இதற்கு எதிர்ப்பொருள் தயாரித்துச் செல்களுக்குள் தேடியபோது, அது கோல்கை உறுப்பில் குவிந்திருந்தது. மறு ஆண்டு ஜேம்ஸ் ராத்மன் குழுவினர், கோல்கையிலிருந்து கிளம்பும் வெசிக்கிள்கள் என்ற நுண்ணிய சரக்குப் பைகளின் உறையிலேயே ஆர்ஃப் இருப்பதைக் கண்டார்கள். கில்மனுக்கு ஜி-புரதங்களுக்காக 1994-இலும், ராத்மனுக்குச் செல்லின் சரக்குப் போக்குவரத்துக்காக 2013-இலும் நோபல் பரிசு கிடைத்தது.

பள்ளிப் பாடநூல் படத்தில் கோல்கை உறுப்பு அடுக்கி வைத்த தட்டுகள் போல அசையாமல் இருக்கும். உண்மையில் அது ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. எண்டோபிளாச வலைப்பின்னலில் தயாராகும் புரதங்கள் கோல்கைக்கு வருகின்றன. அங்கே சர்க்கரைச் சங்கிலிகள் மாட்டப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, செல்லின் மேற்பரப்புக்கோ லைசோசோமுக்கோ போகின்றன. இன்சுலினும் இப்படித்தான் போகிறது. குடலின் சளியும் இப்படித்தான். ஆனால் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் வலைப்பின்னல் சில மணி நேரத்தில் காலியாகிவிடும். தவறிக் கூடவே கிளம்பிவிட்ட உள்ளூர்ப் புரதங்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அந்தத் திரும்பும் பாதையை நடத்துவதுதான் ஆர்ஃப்-1 செய்யும் வேலைகளில் நன்றாகத் தெரிந்தது. கோப்-1 என்று பெயரிடப்பட்ட உறை போர்த்திய, ஏறத்தாழ 50 முதல் 60 நானோமீட்டர் குறுக்களவுள்ள வெசிக்கிள்கள் அந்தப் பாதையில் ஓடுகின்றன.

ஆர்ஃப்-1 புரதத்தில் 181 அமினோ அமிலங்கள். முன்முனையில் மிரிஸ்டிக் அமிலம் என்ற 14 கார்பன் கொழுப்பு வால் ஒட்டியிருக்கிறது. (தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலத்துக்கு அடுத்தபடியாக இருக்கும் அதே கொழுப்பமிலம்தான்.) அந்த வாலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சுருள் உண்டு; அதன் ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். இருபாஸ்பேட் பிடித்திருக்கும்போது இந்தச் சுருள் புரதத்தின் மேலுள்ள ஒரு பள்ளத்தில் மடங்கிப் படுத்துவிடும். அப்போது ஆர்ஃப் செல்சாறில் மிதக்கும். சவ்வை லேசாக உரசும், விலகிவிடும்.

கோல்கையின் முன்பக்கத்தில் ஜிபிஎஃப்-1 என்ற மாற்றுப் புரதம் காத்திருக்கிறது. அது ஆர்ஃப் பிடித்திருக்கும் இருபாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. கழற்றும் விதம் அழகானது: அதன் செக்-7 என்ற பகுதியிலிருந்து ஒரு குளுட்டமிக் அமிலம் விரல்போல நீண்டு, பாஸ்பேட்டைப் பிடித்திருக்கும் மக்னீசியத்தைத் தள்ளிவிடுகிறது. காலியான இடத்தில், செல்லில் அதிகமாகக் கிடைக்கும் முப்பாஸ்பேட் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததும் புரதத்தின் நடுவிலுள்ள இரண்டு இழைகள் இரண்டே அமினோ அமிலத் தூரம் நகர்கின்றன. அந்தச் சிறு நகர்வு, சுருள் படுத்திருந்த பள்ளத்தை மூடிவிடுகிறது. போக்கிடம் இல்லாத சுருள் வெளியே வந்து, கொழுப்பு விரும்பும் பக்கத்தைச் சவ்வுக்குள் அழுத்திப் படுத்துக்கொள்கிறது. இப்போது ஆர்ஃப் சவ்வில் ஊன்றிவிட்டது. எத்தனையோ புரதக் கட்டமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிக்கனமான நகர்வை அதிகம் பார்த்ததில்லை.

ஆர்ஃப் எங்கே ஊன்ற வேண்டும் என்பதை ஆர்ஃப் தீர்மானிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். மாற்றுப் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது விழித்துக்கொள்கிறது. கோல்கையின் பின்பக்கத்தில் பிக்-1, பிக்-2 என்ற வேறு இரண்டு மாற்றுப் புரதங்கள் இதே ஆர்ஃபை எழுப்பி, கிளாத்ரின் என்ற வேறு வகை உறைக்கான ஆள்களை அழைத்து வரச் செய்கின்றன. அதே ஊழியர்தான், மேலதிகாரி மட்டும் வேறு.

ஊன்றிய ஆர்ஃபைப் பிடித்துக்கொண்டு கோட்டமர் வருகிறது. ஏழு புரதங்கள் சேர்ந்த இந்தப் பெருந்தொகுதி ஒரே கட்டாக வந்து இறங்கும். ஒரு பக்கம் ஆர்ஃபையும், இன்னொரு பக்கம் சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கின் வால்களையும் பிடித்துக்கொள்ளும். கோட்டமர்கள் ஒன்றோடொன்று சேரச் சேரச் சவ்வு மேடிட்டு, மொட்டாகி, கழுத்து இறுகி, வெசிக்கிளாகக் கழன்றுகொள்கிறது.

இனிதான் உறையைப் பிரிக்கும் கட்டம். நம் ஊரில் தளம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்து, சென்ட்ரிங் பலகை அடித்து, கான்கிரீட் கொட்டுகிறார்கள். பலகையை அவசரப்பட்டுப் பிரித்தால் தளம் உட்கார்ந்துவிடும்; பிரிக்காமலே விட்டால் கீழே குடியேற முடியாது. மேஸ்திரியின் திறமை பலகை அடிப்பதில் பாதி, பிரிக்கும் நாளைச் சொல்வதில் பாதி. கோப்-1 உறையும் அப்படித்தான். உறை போர்த்தியபடியே இருந்தால் வெசிக்கிள் போய்ச் சேர வேண்டிய சவ்வோடு ஒன்ற முடியாது. மொட்டு முழுமையாகும் முன் உறை பிரிந்தால் மொட்டே கிடையாது.

இது வெறும் ஊகம் அல்ல. செல்லால் வெட்ட முடியாதபடி வேதிமாற்றம் செய்த முப்பாஸ்பேட்டைக் கோல்கையோடு கலந்தால், உறை கழலாத வெசிக்கிள்கள் குவிந்துவிடும். ராத்மன் குழுவினர் 1989-இல் இந்த வெசிக்கிள்களை முதன்முதலில் தூய்மையாகப் பிரித்தெடுக்க முடிந்ததே இந்தத் தந்திரத்தால்தான். உறை கழலும் வேகத்தை நிறுத்தினால் ஒழிய அவற்றைப் பிடித்து எண்ணிப் பார்க்கவே முடியாது என்ற நிலை. ஆர்ஃப்-1 புரதத்தின் 71-ஆவது அமினோ அமிலத்தை மாற்றி, வெட்ட முடியாத ஆர்ஃபை உருவாக்கினாலும் இதே கதைதான்: உறை போடத் தெரிகிறது, எடுக்கத் தெரியவில்லை, போக்குவரத்து நின்றுவிடுகிறது.

தனியாக வெட்டத் தெரியாத ஆர்ஃபுக்கு வெட்டக் கற்றுக்கொடுப்பது யார்? இஸ்ரேலின் டான் காசல் குழுவினர் 1995-இல் கண்டறிந்த ஆர்ஃப்-காப்-1 என்ற புரதம். அது வந்து ஒட்டினால்தான் முப்பாஸ்பேட் வெட்டப்படும்; சுருள் மறுபடி பள்ளத்துக்குள் போகும்; ஆர்ஃப் சவ்வை விட்டு எழும்; உறை கலையும். ஆக, ‘ஜிடிபியேஸ்’ என்ற பட்டம் ஆர்ஃப் தனியாகச் சம்பாதித்தது அல்ல, இரவல்.

பிரிக்க வேண்டிய நேரம் இந்த ஆர்ஃப்-காப்-1 புரதத்துக்கு எப்படித் தெரிகிறது? பிரான்சின் நீஸ் நகருக்கு அருகே பணியாற்றும் புரூனோ ஆன்டோனி குழுவினர் 2003-இல் சொன்ன விடையில் எனக்குத் தனிப் பிரியம். தட்டையான சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அதே சவ்வை வெசிக்கிள் அளவுக்கு இறுக்கமாக வளைத்தால், வெளிப்பக்க அடுக்கில் மூலக்கூறுகளுக்கு இடையே சந்து விழும். ஆர்ஃப்-காப்-1 புரதத்தின் ஒரு நீண்ட பகுதி தட்டையான சவ்வில் ஒட்டாது. அந்தச் சந்துகள் விழுந்தால்தான் உள்ளே புகுந்து சுருளாக மாறிப் பற்றிக்கொள்ளும். ஆகவே சவ்வு தட்டையாக இருக்கும்வரை வெட்டு மந்தம். மொட்டு உருண்டு திரண்டதும் வெட்டு பல மடங்கு வேகம். கடிகாரமே தேவையில்லை. வளைவே நேரத்தைச் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு அழகான விடை என்றால் சற்றுச் சந்தேகமும் வேண்டும். இதே ஆர்ஃப்-காப்-1 உறையின் ஓர் அங்கமாகவே வந்து சரக்கைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது, வெறும் பிரிப்பவர் அல்ல என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இதன் உறவினர்களான காப்-2, காப்-3 இரண்டும் வளைவைப் பொருட்படுத்துவதில்லை. கோட்டமரைப் பார்த்தே வேலை செய்கின்றன. நான் படித்தவரையில் வளைவுக் கணக்கு உண்மையானது, ஆனால் முழுக் கணக்கு அல்ல.

முடுக்கும் பக்கத்தை உடைத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது ஒரு பூஞ்சை. பெனிசிலியம் இனங்கள் சுரக்கும் பிரெஃபெல்டின் ஏ என்ற பொருளைச் செல்களில் இட்டால், ஒரு நிமிடத்துக்குள் கோட்டமர் கோல்கையை விட்டு உதிர்கிறது. சில நிமிடங்களில் கோல்கையிலிருந்து மெல்லிய குழல்கள் முளைத்து நீள்கின்றன. அரை மணிக்குள் கோல்கையின் பெரும்பகுதி எண்டோபிளாச வலைப்பின்னலோடு கரைந்து கலந்துவிடுகிறது. மருந்தைக் கழுவிவிட்டால் கோல்கை திரும்ப எழுகிறது. இந்தப் பொருள் ஆர்ஃபின் முப்பாஸ்பேட் மாற்றத்தைத் தடுக்கிறது என்று 1992-இல் தெரிந்தது. எப்படித் தடுக்கிறது என்பது 2003-இல் படிகக் கட்டமைப்பில் தெரிந்தது. அது ஆர்ஃபைத் தாக்குவதில்லை, மாற்றுப் புரதத்தையும் தாக்குவதில்லை. இரண்டும் கைகுலுக்கும் அந்த அரைகுறை நொடியில் நடுவே ஆப்பு வைத்து, விலகவும் விடாமல் முன்னேறவும் விடாமல் இரண்டையும் சேர்த்தே பிணைத்துவிடுகிறது.

பிரெஃபெல்டின் இட்ட செல்களைக் காலரா நஞ்சாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை என்பது 1993-இல் வெளியானது. அதோடு ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. நஞ்சு குடல் செல்லின் மேற்பரப்பில் ஜிஎம்-1 என்ற கொழுப்பைப் பற்றிக்கொள்கிறது. செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் அது நேரே செல்சாறுக்குள் குதிப்பதில்லை. சவ்வுப் போக்குவரத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து, எண்டோபிளாச வலைப்பின்னல்வரை போகிறது. நஞ்சின் வாலில் லைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டமிக் அமிலம், லியூசின் என்று நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. தவறிப்போன உள்ளூர்ப் புரதங்களை ‘இது வலைப்பின்னலுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியது’ என்று நம் செல் அடையாளம் காண்பது இதே நான்கெழுத்து முத்திரையால்தான். அந்த முத்திரையைப் படித்துச் சரக்கைத் திருப்பி அனுப்புவது ஆர்ஃப்-1 நடத்தும் கோப்-1 வெசிக்கிள்கள். பாக்டீரியா கள்ள முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது! முத்திரையைச் சிதைத்தால் நஞ்சு முற்றிலும் நின்றுவிடுவதில்லை, தாமதமாகிறது. ஜிஎம்-1 கொழுப்பே அதை உள்ளே கொண்டுசேர்க்கும் இன்னொரு வழியும் இருக்கிறது.

வலைப்பின்னலில் நஞ்சின் செயல்படும் துண்டு பிரிந்து, கெட்டுப்போன புரதம் போல வேடமிட்டுச் செல்சாறுக்குள் தள்ளப்படுகிறது. கெட்ட புரதங்களை அரைத்துத் தள்ளும் இயந்திரம் லைசினில்தான் குறி போடும். இந்தத் துண்டில் லைசின் மிகக் குறைவு, ஆகவே தப்பிவிடுகிறது. அங்கே முப்பாஸ்பேட் பிடித்த ஆர்ஃப் ஒன்று அதோடு சேரும்போது துண்டின் வேதிக்களம் திறக்கிறது. 2005-இல் ஆர்ஃப்-6 என்ற உறவினரோடு சேர்த்து எடுத்த படிகப் படம் இதை அணு அணுவாகக் காட்டியது. கானும் கில்மனும் 1984-இல் சோதனைக் குழாயில் பார்த்தது இந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். நஞ்சு வந்த பாதைக்கும் அதே குடும்பம்தான் காவல் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

காலரா மட்டுமல்ல, இந்தக் காவலரைக் குறிவைக்கும் கிருமிகள் இன்னும் உண்டு. குளிரூட்டும் கோபுரங்களின் தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா, ரால்எஃப் என்ற சொந்த மாற்றுப் புரதத்தைச் செல்லுக்குள் ஊசி போட்டு, ஆர்ஃபைத் தான் குடியிருக்கும் பையின் மேல் ஊன்ற வைக்கிறது. ரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லா நேர்மாறு: ஆர்ஃபின் கொழுப்பு வாலையே வெட்டி எறிந்து கோல்கையைச் சிதைக்கிறது. போலியோ வைரஸ் பெருகுவதற்கு ஜிபிஎஃப்-1 வேண்டும். பிரெஃபெல்டின் இட்டால் அதன் பெருக்கம் நிற்கும். அப்படியானால் பிரெஃபெல்டினை மருந்தாக்கலாமே என்று கேட்கலாம். கிருமிக்கான பாதையும் நமக்கான பாதையும் ஒன்றே என்பதால், அடைத்தால் இரண்டும் அடைபடும். ஆய்வகத்தில் அது அரிய கருவி. படுக்கையோரத்தில் அதற்கு இன்னும் இடமில்லை.

ஆர்ஃபோடு இன்னொரு பெரிய குடும்பமும் இந்தப் போக்குவரத்தில் இருக்கிறது: ராப் புரதங்கள், மனிதர்களிடம் அறுபதுக்கும் மேல். வெசிக்கிளைச் செய்வதில் ஆர்ஃப் முன்னால் நிற்கும். அது சரியான வாசலில் போய்ச் சேருவதில் ராப் முன்னால் நிற்கும். அவற்றுக்கும் மாற்றுப் புரதங்கள் உண்டு, வெட்ட வைப்பவையும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான சரக்கு.

மனித நோய்களில் இதன் தடம் மூளையில் தெளிவாகத் தெரிகிறது. கோல்கையின் பின்பக்கத்தில் ஆர்ஃபை எழுப்பும் பிக்-2 புரதத்தின் மரபணு பழுதானால், கருவில் மூளை உருவாகும்போது நரம்பு செல்கள் பிறந்த இடத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர முடியாமல் நீரறைகளின் ஓரத்திலேயே கட்டிகட்டியாகத் தங்கிவிடுகின்றன. நகர்வதற்குத் தேவையான ஒட்டுப் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்குச் சரியாகப் போய்ச் சேராததே காரணம் எனக் கருதப்படுகிறது. தலை சிறிதாக இருக்கும், வளர்ச்சி பின்தங்கும், வலிப்பு வரும். 2004-இல் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு இந்த நோய் வரும்; ஒரு பிரதி நன்றாக இருந்தால் போதும், ஒன்றும் தெரியாது. அரிதிலும் அரிதான நோய்தான். ஆனால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் இன்னும் விட்டுப்போகாத கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில், இப்படிப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சொந்தத்தில் கல்யாணமா?”